சேற்றுக்குள் ஒரு போட்டி

"நீங்க வேலை பார்த்த துறையைப் பத்தியே எழுதுங்க. இப்பப் படிக்கிற பிள்ளைங்களுக்கும் உபயோகமா இருக்கட்டும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் வேலை பார்த்தது கழிவுநீரில். முன்னாள் மாணவர்கள் கூடி விருந்துண்ணும் நல்ல நாளில் சாக்கடையைப் பற்றியா என்று முதலில் தயங்கினேன். ஆனால் சேற்றுக்குள் நடக்கும் ஒரு போட்டிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. நம் பெரம்பலூர் அரியலூர்ச் சீமைக்கும் ஓர் இடம் உண்டு. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

இரண்டு கூட்டம்

காற்று புகாத சேற்றில் குப்பையும் கழிவும் அழுகும்போது அதைச் செரிக்கும் வேலையைப் பல வகை நுண்ணுயிர்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. முதல் வகை பெரிய மூலக்கூறுகளை உடைக்கும். அடுத்தது அதை அமிலமாக்கும். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்: அசெட்டேட், ஹைட்ரஜன். இந்தக் கடைசிப் பந்திக்குத்தான் போட்டி.

ஒரு பக்கம் மீத்தேன் ஆக்கிகள். இவை அந்த உணவைத் தின்று மீத்தேன் வாயுவைத் தருகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் அடுப்பெரிப்பது இவற்றின் உழைப்பே. மறுபக்கம் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல இவை சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம், சேற்றின் கருப்பு நிறம், இரும்புக் குழாய் அரிப்பு எல்லாம் இவற்றின் கைவரிசை.

தண்ணீரில் சல்பேட் இல்லையென்றால் இரண்டாம் கூட்டத்துக்கு மூச்சு இல்லை. மீத்தேன் ஆக்கிகள் ராஜா. சல்பேட் நிறைய இருந்தால் கதை மாறிவிடும். அதனால்தான் நன்னீர்க் குட்டையில் மீத்தேன் குமிழி வருகிறது. கடலோரச் சேற்றில் சல்பைடு நாறுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது.

டெல்ஃப்ட் நகரத்து ஆய்வகம்

1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் அலெஸாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து, அவை எரிவதைக் கண்டார். சதுப்பு வாயுவின் வரலாறு அங்கே தொடங்குகிறது. உயிரிகளே அதை உண்டாக்குகின்றன என்பது தெளிவாக மேலும் நூறாண்டு ஆயிற்று.

போட்டியாளர்கள் இருவரும் ஏறத்தாழ ஒரே வீட்டில் அடையாளம் காணப்பட்டார்கள் என்பது சுவையான செய்தி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினுஸ் பெயரிங்க் 1895-இல் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாவைக் கண்டு சொன்னார். அவரிடம் ஆய்வு செய்த சோங்கென் 1906-இல் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்ந்தும், அசெட்டேட்டிலிருந்தும் மீத்தேன் உண்டாவதைக் காட்டினார். ஒரு கூட்டத்தை ஆசிரியரும் மறு கூட்டத்தை மாணவரும் பிடித்தார்கள் எனலாம்.

நம் நாடும் பின்தங்கி இருக்கவில்லை. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோய் இல்லத்தில் 1897-லேயே கழிவிலிருந்து வந்த வாயுவைச் சேகரித்துப் பயன்படுத்தினார்கள். பிறகு கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் முயற்சியால் கோபர் கேஸ் நம் கிராமங்களுக்கும் வந்தது.

1967-இல் பிரையன்ட், உல்ஃப் முதலானோர் ஒரு வேடிக்கையை வெளிப்படுத்தினார்கள். மீத்தேன் தரும் ஒரே உயிரி என்று பல்லாண்டுகளாக நம்பப்பட்ட ஒன்று, உண்மையில் இரண்டு உயிரிகளின் கூட்டுக் குடித்தனம். ஒன்று ஹைட்ரஜனை விடும், மற்றது அதை உடனே தின்னும். தின்ன ஆள் இல்லாவிட்டால் முதலாவது வேலையையே நிறுத்திவிடும். 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இன்னொரு படி மேலே போய், மீத்தேன் ஆக்கிகள் பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம் என்று நிறுவினார்கள். இன்று பாடநூலில் 'ஆர்க்கியா' என்று படிக்கிறோமே, அதுதான்.

பந்தியில் யார் முந்துவது?

1982-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் தாவர் குழுவினர் இந்தப் போட்டிக்குக் கணக்குப் போட்டார்கள். உணவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஓர் உயிரி அதைப் பிடித்துக்கொள்ளும் திறனை அளக்க ஓர் எண் உண்டு. அது சிறியதாக இருந்தால் திறன் அதிகம். அசெட்டேட்டைப் பொறுத்தவரை, அவர்கள் எடுத்துக்கொண்ட சல்பேட் ஒடுக்கிக்கு அது 0.2 மில்லிமோலார், மீத்தேன் ஆக்கிக்கு 3 மில்லிமோலார். ஹைட்ரஜனுக்கும் இதே திசைதான். இலையில் கடைசிப் பருக்கை இருக்கும்போது ஒருவன் அதையும் வழித்துத் தின்கிறான், மற்றவன் "சோறு தீர்ந்துபோச்சு" என்று எழுந்துவிடுகிறான். அதுதான் வித்தியாசம். போதாததற்கு, ஒரே உணவிலிருந்து சல்பேட் ஒடுக்கிக்குக் கிடைக்கும் ஆற்றலும் சற்று அதிகம்.

ஆனால் காகிதத்தில் தோற்பவன் களத்தில் எப்போதும் தோற்பதில்லை. ஹைட்ரஜனில் சல்பேட் ஒடுக்கிகள் சீக்கிரமே வென்றுவிடும். அசெட்டேட்டிலோ மீத்தேன் ஆக்கிகள் மாதக்கணக்கில் இடத்தை விடாமல் நிற்பதுண்டு. காரணம், அவை கட்டிக்கொண்ட வீடு. அந்த வீட்டைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

லெட்டிங்காவின் உருண்டைகள்

பழைய கலங்களில் கழிவு பல வாரம் தங்க வேண்டும். தொழிற்சாலைக்கு அது கட்டுப்படியாகாது. 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஸே லெட்டிங்கா, பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவை வைத்து ஒரு புது முறையைக் கண்டார். கழிவுநீரைத் தொட்டியின் அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக விடுவது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடுகு, மிளகு அளவு உருண்டைகளாகத் திரண்டு அடியிலேயே தங்கிவிடும். தண்ணீர் மட்டும் மேலே போகும். வாரக்கணக்கு மணிக்கணக்காகிவிட்டது. யு.ஏ.எஸ்.பி. என்று நாங்கள் சொல்லும் முறை இதுதான். லெட்டிங்கா இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஏழை நாடுகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2007-இல் டைலர் பரிசும் 2009-இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர்ப் பரிசும் அவரைத் தேடி வந்தன.

உருண்டைக்குள் குடியிருக்கும் மீத்தேன் ஆக்கிகளை விரட்டுவது கடினம். புதிதாக வரும் சல்பேட் ஒடுக்கிக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதே அரிது. அதனால் உருண்டை நன்றாக இருக்கிற தொட்டியில் கொஞ்சம் சல்பேட் வந்தாலும் சமாளிக்கலாம். "கொஞ்சம்" என்பது எவ்வளவு என்பதுதான் எங்கள் தொழிலின் முக்கியமான கேள்வி.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு பெரிதானது? அதற்குத் தோல் தொழிலின் கதையைச் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நம் ஊர்களில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைப் புகுத்தினார். ஆனாலும் பட்டைத் தொழிலே நெடுங்காலம் நடந்தது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

திருப்பம் 1970-களில் வந்தது. பாதி பதனிட்ட தோலை விற்றால் லாபம் வெளிநாட்டானுக்குத்தான் என்று சீதாராமையா குழு 1972-இல் சொல்ல, 1973 முதல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடித்த தோலும் செருப்பும் ஏற்றுமதியாகத் தொடங்கின. அந்நியச் செலாவணி வந்தது, வேலையும் வந்தது. கூடவே குரோமியப் பதனீடு பெருகியது.

வேதியியல் படித்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். குரோமியப் பதனீட்டுக்குப் பயன்படுவது குரோமியம் சல்பேட். அதற்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைக்கச் சல்பியூரிக் அமிலம். சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட். மயிரை உதிர்க்கச் சோடியம் சல்பைடு. ஆகப் பட்டைக் காலத்துக் கழிவில் இல்லாத அளவு கந்தகம் புதிய கழிவில் வந்து சேர்ந்தது. ஏற்றுமதிக் கொள்கையில் ஒரு வரி மாறியதும், சேற்றுக்குள் ஒரு கூட்டத்தின் கை ஓங்கிவிட்டது.

ஒரு கணக்கு

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர் வருகிறது. அதில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் சல்பேட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,500 கிலோ சல்பேட். அது முழுவதும் ஒடுங்கினால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோ கந்தகம், சல்பைடாக மாறும். இதற்காகச் சி.ஓ.டி. கணக்கில் 1,000 கிலோ உணவு செலவாகும். அந்த உணவு மீத்தேன் ஆக்கிகளுக்குப் போயிருந்தால் 350 கன மீட்டர் மீத்தேன் கிடைத்திருக்கும். தினமும் அத்தனையும் நஷ்டம்.

நஷ்டத்தோடு முடிந்தால் பரவாயில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் சல்பைடு தண்ணீரில் நின்றால், பி.எச். 7-இல் அதில் பாதி கரைந்த ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கும்: 250 மில்லிகிராம். உருண்டைகளில் உள்ள மீத்தேன் ஆக்கிகளின் வேகம் பாதியாகக் குறைவது ஏறக்குறைய அந்த அளவில்தான். வென்றவன் எதிரியின் சோற்றைப் பறிப்பதோடு நிற்காமல் இலையில் விஷத்தையும் வைத்துவிட்டுப் போகிறான். பி.எச்.-ஐ 8-க்கு உயர்த்தினால் அந்த 250, ஏறத்தாழ 50 ஆகக் குறைந்துவிடும். ஆலையில் பி.எச். மீட்டரை விடாமல் பார்ப்பது இதற்காகத்தான்.

பொதுவான விதி இது: சி.ஓ.டி.-யைச் சல்பேட்டால் வகுத்தால் 10-க்கு மேல் வந்தால் பெரிய தொல்லை இல்லை. சாராய ஆலைக் கழிவில் சி.ஓ.டி. ஒரு லட்சம் மில்லிகிராம்வரை இருக்கும். சல்பேட் சில ஆயிரம். விகிதம் 10-க்கு மேலேயே நிற்கும். அதனால் சாராய ஆலைகளில் எரிவாயு நன்றாக வருகிறது. டேனரிக் கழிவில் இரண்டுமே ஆயிரக்கணக்கில். விகிதம் 2, 3 என்று கீழே கிடக்கும். சிக்கல் முழுதும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது.

கான்பூரும் வேலூரும்

கங்கைக்கரையில் கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதி டேனரிகளுக்குப் பேர் போனது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம், கழிவைச் சுத்தம் செய்யாத டேனரிகளை மூடச் சொன்னது. கங்கைச் செயல்திட்டத்தின் கீழ் நெதர்லாந்து உதவியோடு 1989-இல் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் யு.ஏ.எஸ்.பி. நிலையமும், 1994-இல் 360 லட்சம் லிட்டர் நிலையமும் அங்கே வந்தன. பெரிய நிலையத்தின் வடிவமைப்பில் ஒரு பங்கு டேனரிக் கழிவுக்கு மூன்று பங்கு ஊர்ச் சாக்கடை. சல்பேட்டை நீர்த்துப்போகச் செய்ய அதுவே வழி.

நம் பக்கத்தில் 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்றும், டேனரிப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாழ்பட்டது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்கு அது பொருந்தியது. அவற்றுள் நம் தாய் மாவட்டமான திருச்சியும் ஒன்று. 'மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான்.

நான் தோல் பகுதிக்கு வேலைக்குப் போனபோது ஒரு நிலையத்தில் பழைய திறந்த குட்டை ஒன்று இருந்தது. காற்றில்லாமல் அழுகட்டும் என்று வெட்டியது. வாசலில் இறங்கும்போதே நாற்றம் தூக்கிவாரிப் போடும். ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவர் பள்ளிக்கூடமே தாண்டாதவர். "சார், குட்டை கருத்துச்சுன்னா கந்தகம் ஜாஸ்தி. சாம்பலா இருந்தா பரவாயில்ல" என்பார். பெயரிங்க் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் இரும்பு சல்பைடின் நிறத்தை அவர் எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார்.

சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்தச் சல்பைடைப் பிரித்துக் கந்தகமாக மீட்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். மேல்விஷாரத்தில் தோலிலிருந்து சீவி எறியும் சவ்வையும் கசடையும் கொண்டு எரிவாயு எடுக்கும் செயல்விளக்க நிலையமும் அமைத்தார்கள். பின்னாளில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற விதி வந்தது. தண்ணீர் மீண்டது, ஆனால் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கியது. பாலாற்றின் காயம் ஆறவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரி மாசு வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈடு தரவும் சேதத்தைச் சீர்செய்யவும் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நம் மண்ணில்

"அதெல்லாம் வேலூர்க்காரன் பிரச்சினை, நமக்கென்ன?" என்று குரும்பலூர்க்காரர் கேட்கலாம். கேட்க வேண்டாம்.

எறையூர்ச் சர்க்கரை ஆலை நம் கரும்பு விவசாயிகளின் ஆலை. வெள்ளைச் சர்க்கரை செய்ய நம் நாட்டு ஆலைகள் சாற்றில் கந்தகப் புகை விடுவது வழக்கம். அந்தக் கந்தகத்தில் ஒரு பங்கு வெல்லப்பாகுக் கழிவோடு சாராய ஆலைக்குப் போகிறது. அங்கே எரிவாயு நன்றாக வந்தாலும் அதில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்து வந்து இயந்திரத்தை அரிக்கிறது. ஆக, கரும்புக் காட்டிலிருந்தும் இந்தப் போட்டிக்கு ஒரு கிளை உண்டு.

அரியலூர் சிமெண்டுக்கும் ஒரு கிளை உண்டு. சாக்கடைக் குழாயில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு மேல்சுவரின் ஈரத்தில் படிய, அங்கே காற்றோடு வாழும் வேறொரு பாக்டீரியா அதைச் சல்பியூரிக் அமிலமாக்குகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பார்க்கர் என்பவர் 1945-இல் இதைக் கண்டு சொன்னார். அந்த அமிலம் கான்கிரீட்டைத் தின்று ஜிப்சமாக, பிசுபிசுத்த வெள்ளை மாவாக, ஆக்கிவிடும். சிமெண்டு அரைக்கும்போது நாமே கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறோம். பாக்டீரியா பாக்கியையும் ஜிப்சமாக்கிவிடுகிறது!

ஜிப்சம் என்றதும் காரை நினைவுக்கு வரவேண்டும். ஆலத்தூர் வட்டத்துக் காரை ஓடைப் பள்ளங்களில் செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் நடுவே பளபளக்கும் ஜிப்சப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்தது. சாத்தனூர்க் கல்மரமும் அந்தக் கடல் தந்த சொத்துதான். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதாவது நம் காலடியிலேயே போட்டியின் ஒரு பக்கத்துக்கு வேண்டிய மூச்சு கிடக்கிறது. நாளை இங்கே ஒரு ஆலை வந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து யு.ஏ.எஸ்.பி. ஓட்டினால், முதலில் அந்தத் தண்ணீரில் சல்பேட் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூக்கை நம்பக்கூடாது

இனி இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே நாறும். ஆனால் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும்; நாற்றமே தெரியாது. 500-க்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம், மரணம். காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். அசையாத கசடு சும்மா இருப்பது போலத் தோன்றும். காலை வைத்துக் கலக்கியதும் கரைந்திருந்த வாயு ஒரே மூச்சில் கிளம்பும். முதல் ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாம் ஆளும் விழுவான். டேனரித் தொட்டியிலும் வீட்டு மலக்குழியிலும் நடந்த மரணங்கள் பலவும் இப்படித்தான்.

நம் ஊரில் கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். ஆக்சிஜன் குறைவைக் காட்ட அது உதவும். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மீத்தேன் நிறைந்த தொட்டியில் விளக்கை இறக்கினால் தொட்டியே வெடிக்கும். கழிவுத் தொட்டிக்கு வாயு அளக்கும் கருவிதான் விளக்கு. வேறு குறுக்குவழி இல்லை.

மனிதரை இறக்கி மலக்குழியைச் சுத்தம் செய்விப்பதை 2013 ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறங்குகிறவர் யார், எந்தத் தெருக்காரர் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தொட்டிக்குள் எந்த நுண்ணுயிர் வென்றது என்பது ஆய்வகக் கேள்வி மட்டுமல்ல. அன்று ஒருவர் வீடு திரும்பினாரா என்ற கேள்வியும்கூட.

பகைவனை வேலைக்காரனாக்குதல்

போட்டியில் யாரைத் தோற்கடிப்பது என்றே நெடுநாள் யோசித்தவர்கள், பிறகு வேறு விதமாகவும் யோசித்தார்கள். நெதர்லாந்தின் புடெல் என்ற இடத்துத் துத்தநாக ஆலையில் 1992-இல் நிலத்தடி நீரிலிருந்த சல்பேட்டையும் துத்தநாகத்தையும் அகற்றச் சல்பேட் ஒடுக்கிகளையே வேலைக்கு வைத்தார்கள். எரிசாராயத்தை உணவாகக் கொடுத்தார்கள். உண்டான சல்பைடு உலோகத்தைப் பிடித்துப் படியவைத்தது; மிஞ்சியதை இன்னொரு பாக்டீரியா கந்தகமாக்கியது. இங்கே மீத்தேன் வந்தால்தான் தொல்லை! ஆக நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று எதுவும் இல்லை. நாம் எதை ஊற்றுகிறோம், எதை எதிர்பார்க்கிறோம் என்பதே கணக்கு.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு கண்ணாடிக் குடுவை எடுங்கள். இரண்டிலும் குளத்துச் சேறு, கிழித்த காகிதம், நல்ல தண்ணீர். ஒன்றில் மட்டும் காரை ஜிப்சம் ஒரு கைப்பிடி பொடித்துப் போடுங்கள். மூடியை இறுக்காமல், காற்றோட்டமான இடத்தில், இருட்டில் சில வாரம் வையுங்கள். எது எப்போது கருக்கிறது, எதில் குமிழி வருகிறது என்று நாள்வாரியாக நோட்டில் எழுதுங்கள். கிட்டே குனிந்து முகர வேண்டாம். பெயரிங்க் தொடங்கியதும் இதுபோன்ற சேற்றிலிருந்துதான். நம் கல்லூரியிலிருந்து இந்தத் துறைக்கு இன்னும் நாலு பேர் வந்தால், தொட்டியில் இறங்காமலே தொட்டியைப் புரிந்துகொள்ளும் நாலு பேர் கூடுவார்கள். அது நம் ஊருக்கு மிகவும் தேவை.